நாலு கம்பி

(கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிறு மாலை, இசை கேட்கக் கூடும் நண்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிடுகிறோம்.)



இன்றைக்கு நாம் கேட்கப்போகும் இசைத்தட்டு நியூயார்க் ஜாஸ் உலகிலிருந்து வந்தது. ஆனாலும் பேச்சை நம் வீட்டு வாசலில் தொடங்குகிறேன். வேலைக்குக் கிளம்புகிறவர் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்து என்ன சொல்கிறார்? "போயிட்டு வர்றேன்." வெறுமனே "போறேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டி விடமாட்டார். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்தித்தான் அனுப்புவார். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்கிறார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் நுழைகிற பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது. திரும்பி வர இரண்டு வருஷமாவது ஆகும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் சொல் மாறாது.

2019-ல் 'கால்ஸ் ஃபார் ஆக்‌ஷன்' என்று ஒரு ஜாஸ் தட்டு வெளியானது. அதில் ஓர் உருப்படியின் தலைப்பு "ஐ'ல் கோ அண்ட் கம் பேக்". ஆங்கிலம் பேசும் ஊரில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. நம் வாசற்படியில் பிறந்த வாக்கியம் அது. என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. தலைப்பைப் படித்த அன்றைக்குத் தட்டைக் கேட்பதற்கு முன்பே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தட்டின் தலைவர் ஹரீஷ் ராகவன். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குப் பக்கத்தில் நார்த்புரூக் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் மேலைத் தாளக் கருவிகளோடு மிருதங்கமும் கற்றவர். பதினேழு வயதில்தான் டபுள் பேஸைக் கையில் எடுத்தார். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மரக்கருவி அது. வயலின் குடும்பத்தின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு கம்பி. ஜாஸில் பெரும்பாலும் வில்லை ஓரமாக வைத்துவிட்டு விரலால் மீட்டுவார்கள்.

நான் பேச வந்த விஷயம் இந்த நாலு கம்பிதான். குழுவில் எல்லோருக்கும் அடியில் நிற்கிறவர் ஒருநாள் குழுவுக்குத் தலைவரானால் என்ன நடக்கும்? தன் மனதுக்கு நெருக்கமான ஒரு தட்டை அவர் எப்படிச் செய்வார்?

இதைப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எண்பதுகளின் நடுவில் இந்தத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் லைட் மியூசிக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் மேடைகள். முகூர்த்த மாதங்களில் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கல்யாண மண்டபங்கள். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் பல்லாவரத்தில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு முன்னறையில்தான் நான் முதன்முதலாக ஜாஸ் கேட்டேன்.

முதல் மாதம் முழுக்க அவர் எனக்குப் பாட்டே சொல்லித்தரவில்லை. ஒரே சுரத்தை வாசிக்கச் சொல்வார். "நீ தட்டுறது முக்கியம் இல்ல மேன், எப்ப நிறுத்துறேன்றதுதான் முக்கியம்" என்பார். பேஸில் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் தாளம்தான். விரலை ஒரு நொடி முன்னால் எடுத்தால் பாட்டு துள்ளும். அடுத்த சுரம் வரைக்கும் பிடித்து வைத்தால் பாட்டு மிதக்கும். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது. கால் மட்டும் வேறு மாதிரி ஆடும். இன்னொன்றும் சொன்னார்: "பாடறவங்க மூச்சு விடற எடத்துல நீ மூச்சு விடாத." அந்த வார்த்தையை நாற்பது வருஷமாக வைத்திருக்கிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மண்டபம் நிறையக் கூட்டம். பாட்டு நடுவில் என் ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ் போய்விட்டது. சத்தம் எதுவும் வெடிக்கவில்லை, பேஸ் மட்டும் காணாமல் போனது. நான் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் வெளியே வரவில்லை. சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாடிக்கொண்டிருந்த பெண் இரண்டாவது சரணத்தில் தடுமாறினார். சுருதி சரியாகத்தான் இருந்தது, டிரம்ஸும் சரியாகத்தான் போயிற்று. பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணா, நடுவுல திடீர்னு தரை இல்லாத மாதிரி ஆயிடுச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பேஸைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே மிகச் சரியான விமரிசனம் அந்தக் கேள்விதான்.

அந்தத் தரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் இந்தத் தட்டின் அருமையைச் சொல்ல முடியாது.

நம் கச்சேரியில் அடியில் இருப்பது தம்புரா. ஸ, ப, மேல் ஸ. கச்சேரி தொடங்கும்போது எது ஸவோ, மங்களம் பாடும்போதும் அதுவே ஸ. தரை நகராது; அதன் மேல் ராகம் நடமாடும். நாதஸ்வரத்தில் இந்த வேலையை ஒத்து செய்தது. ஒத்துக்காரர் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒத்தை விட்டுவிட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒத்துக்காரருக்கு நம் மொழி கொடுத்த பெயர் நல்ல பெயர் இல்லை. சொந்தக் கருத்து இல்லாதவரை "அவன் ஒத்து ஊதறான்" என்கிறோம். இந்த வழக்கை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு மணி நேரம் கன்னத்தில் காற்றை அடக்கி, ஒரு சுரம் பிசகாமல் பிடித்து நிற்பது என்ன பாடு என்பது ஊதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஜாஸில் அந்தத் தரை நடக்கும். அவர்களே அதற்கு 'வாக்கிங் பேஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆவர்த்தத்துக்கு நாலு அடி என்றால் அடிக்கு ஒரு சுரமாக நாலு காலடி. தரையே நடந்தால் மேலே இருக்கிறவருக்கு என்ன ஆகும்? இதற்கு நம்மிடம் ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது, கிரக பேதம்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்றைக்குப் போய்ச் செய்து பாருங்கள். கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக் கட்டையை ஸ என்று வைத்து ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், ஸவை மட்டும் ஐந்தரைக்கு மாற்றினால் மத்தியமாவதி. ஆறரைக்கு மாற்றினால் ஹிந்தோளம். ஒன்றரைக்கு வந்தால் சுத்த சாவேரி, இரண்டரைக்கு வந்தால் சுத்த தன்யாசி. கட்டை ஒன்றுகூட மாறவில்லை. ஸ எங்கே என்பது மட்டும் மாறியது. அதற்குள் மோகனத்தின் மலர்ச்சி போய் ஹிந்தோளத்தின் உள்ளடங்கிய குரல் வந்துவிடுகிறது. நம் வித்வான்கள் ராகம் பாடும்போது ஒரு கணம் இதைச் செய்து காட்டிவிட்டு, சபை கைதட்டுவதற்குள் பழைய ஸவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இப்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே கறுப்புக் கட்டைகளிலேயே ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கீழே, நாலு கம்பியில் ஒரே ஒரு சுரம் வாசிக்கிறார். முதலில் நாலரை, நாலு அடி கழித்து ஆறரை, அப்புறம் இரண்டரை. மேலே இருப்பவர் மெட்டில் எதையும் மாற்றவில்லை. ஆனால் அவர் மெட்டுக்குப் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்ன அதே வாக்கியத்தைக் கீழே இருப்பவர் ஒரு விரலால் துயரமாக்கிவிடுகிறார். சாதாரணக் கார்டிலும், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டிலும், இதே கதைதான். கீபோர்டில் ஸ, க, ப என்று மூன்று கட்டைகளை அழுத்திக்கொண்டே இருங்கள். பேஸ் கீழே ஸ வாசித்தால் திடமாக, வெளிச்சமாக நிற்கும். அதே மூன்றையும் விடாமல் பிடித்திருக்கும்போது பேஸ் கீழே சதுஸ்ருதி தைவதத்துக்கு இறங்கினால் அந்த வெளிச்சத்தில் மாலை இருட்டு கலக்கும். இளையராஜாவின் பாட்டுகளில் வளர்ந்த காதுகளுக்கு இது தெரிந்த உணர்ச்சிதான். பல்லவி இரண்டாம் முறை வரும்போது பாட்டு ஏனோ கனத்துவிட்டதே என்று தோன்றிய இடங்களில் கீழே பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். டபுள் பேஸின் அடிக்கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. சின்ன ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தர முடியாது. மேலே உள்ள கிளைச் சுரங்களை வைத்துக்கொண்டு நம் மூளையே அடிச் சுரத்தை ஊகித்துக் கேட்கிறது. டிரான்சிஸ்டர் காலத்தில் நாம் கேட்ட பேஸில் பாதி நம் ஊகம்தான். இன்றைக்குக் கைப்பேசியிலும் அதுவேதான். நல்ல ஹெட்ஃபோனிலோ பெரிய பெட்டியிலோ கேட்டால்தான் ஹரீஷ் ராகவனின் கை உங்களுக்குக் கிடைக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பேஸ்காரர் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். 1958-ல் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் நம் சென்னைக்கு வந்தது. அந்த வருகையில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் நம் பழனி சுப்பிரமணியப் பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். இடது கை மிருதங்கம் வாசித்த பழனியை மொரெல்லோ நேரில் கேட்டார் என்பதே நமக்கு ஒரு பெருமை. அந்தச் சந்திப்பைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு தாளக்காரர்களைப் பேசுவார்கள், புரூபெக்கைப் பேசுவார்கள். அப்போது குழுவில் பேஸ் வாசித்தவர் யூஜீன் ரைட். குழுவில் அவர் ஒருவர்தான் கறுப்பர். 1960-ல் அமெரிக்காவின் தென் மாநிலக் கல்லூரிகளில் புரூபெக் குழுவுக்கு ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. ரைட்டுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரரை பேஸ் வாசிக்க வைத்தால்தான் மேடை என்று பல கல்லூரிகள் சொல்லிவிட்டன. புரூபெக் மறுத்தார். சுற்றுப்பயணத்தில் பெரும்பகுதி ரத்தானது, பெரிய பணம் போயிற்று. நிறவெறிக்கு ஒரு மனிதர் காட்டிய எதிர்ப்பு என்று இதைச் சொல்வார்கள், அது உண்மை. பேஸ் வாசித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் இன்னொன்றும் கேட்கிறது. ரைட் இல்லாத அந்தக் குழு புரூபெக்குக்குத் தன் குழுவாகவே தோன்றியிருக்காது.

பேஸ்காரர்கள் தலைமை ஏற்ற வரலாறு ஜாஸில் சின்னது இல்லை. பால் சேம்பர்ஸ் 1957-ல், 22 வயதில், 'பேஸ் ஆன் டாப்' என்று ஒரு தட்டு போட்டார். அடியில் இருப்பவரை மேலே வைக்கிறோம் என்று பெயரிலேயே அறிவிப்பு. சார்லஸ் மிங்கஸ் வேறு ரகம், அவர் புயல். 1959-ல் பதிவான 'மிங்கஸ் ஆ அம்' தட்டுக்குத் தன் பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதைக் காட்டிலும் கேட்டுப் பிடிக்கச் சொல்லியே சொல்லிக்கொடுத்தார். நம் பாடாந்தர முறைதான் அது. அந்த வருஷம் மார்ச்சில் இறந்துபோன சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குக்கு அதில் ஓர் அஞ்சலி உண்டு. 'குட்பை போர்க் பை ஹேட்'. யங் எப்போதும் அணிந்த தொப்பியின் பெயர் அது. சார்லி ஹேடனின் கதை நெஞ்சை அறுக்கும். குடும்ப வானொலி நிகழ்ச்சியில் இரண்டு வயதிலிருந்து பாடியவர். பதினைந்து வயதில் போலியோ வந்து குரல் போயிற்று. பாட முடியாமல் போன பையன் பேஸை எடுத்தான். ஹேடன் வாசித்ததைக் கேட்டால் ஒவ்வொரு சுரத்திலும் பாட நினைத்த ஒருவர் இருக்கிறார். வேகம் காட்டமாட்டார், சுரங்களைக் கொட்டமாட்டார்.

இவர்களில் நான் அதிகம் திரும்பிப் போவது டேவ் ஹாலண்டிடம். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். 1968-ல் லண்டனில் ஒரு ஜாஸ் கிளப்பில் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைக் கேட்டு, உடனே நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்து, 1972 நவம்பர் 30-ல், ஹாலண்ட் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தன் பெயரில் ஒரு தட்டு பதிவு செய்தார். 'கான்ஃபரன்ஸ் ஆஃப் தி பேர்ட்ஸ்', பறவைகளின் சபை. லண்டனில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். கோடைக்காலத்தில் விடியற்காலை நாலு ஐந்து மணிக்குப் பறவைகள் அங்கே கூடி ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டு எழுந்த இசை அது. சாம் ரிவர்ஸ், ஆந்தனி பிராக்ஸ்டன் என்ற இரண்டு பெரிய ஊதுகருவிக் கலைஞர்கள், டிரம்ஸில் பாரி ஆல்ட்ஷுல். பியானோ கிடையாது. கார்டு பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் பேஸ்தான் மொத்தத் தரையும். பாட்டுகள் ஆறும் ஹாலண்டுடையவை. தலைப்புப் பாட்டு தனி பேஸோடு தொடங்கும்.

நம் பக்கத்தில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. 1937-ல் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்தபோது கிடைத்த முள்ளுக்காடு இன்னும் பெருமளவு காடாகவே இருக்கிறது. விடியற்காலையில் அதன் மதிலை ஒட்டி நடப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதலில் ஒரு செம்போத்தின் ஆழமான ஊப் ஊப். அது தொடர்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறும். செம்போத்து கூட்டத்தைக் கூட்டுவதில்லை, யாரையும் அடக்குவதும் இல்லை. ஆனால் அந்த அடிக்குரல் நின்றுவிட்டால் மற்ற குரல்கள் சிதறித் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். ஹாலண்டின் தட்டை முதலில் கேட்டபோது எனக்கு இந்த மதிலோர நடைதான் நினைவுக்கு வந்தது. பறவைகளின் வரிசையில் அவர் தனக்கு எந்த இடத்தை எடுத்துக்கொண்டார் என்பதும் புரிந்தது.

இப்போது ஹரீஷ் ராகவனுக்கு வருகிறேன்.

அவர் நீண்ட காலம் மற்றவர்கள் குழுவில் அடியில் நின்றவர். எக்காளக் கலைஞர் ஆம்ப்ரோஸ் அகின்முசிரே 2011-ல் ப்ளூ நோட் நிறுவனத்தில் வெளியிட்ட தட்டில் பேஸ் வாசித்தவர் ஹரீஷ். 2017-ல் அதே அகின்முசிரே, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் நேரடியாகப் பதிவு செய்த இரட்டைத் தட்டு வெளியானது. அதிலும் ஹரீஷ்தான். அந்த நிலவறைக் கிளப்பில்தான் 1961 ஜூனில் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு பதிவு செய்தது. அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோரு நாளில் கார் விபத்தில் இறந்தார், வயது 25. பேஸ் படிக்கிற எல்லோருக்கும் அந்த அறை ஒரு கோயில் மாதிரி. அங்கே நின்று வாசித்துவிட்ட பிறகும் ஹரீஷ் தன் பெயரில் ஒரு தட்டு வெளியிட 2019 ஆயிற்று. வெளியிட்டது லண்டனில் உள்ள வேர்ல்விண்ட் நிறுவனம். அதைத் தொடங்கிய மைக்கேல் ஜானிஷும் ஒரு பேஸ் கலைஞர்.

அவ்வளவு காலம் காத்திருந்தவர் யாரைக் கூட்டினார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. தன் வயதொத்த பெரிய பெயர்களை அழைத்திருக்கலாம். பதிலாக இருபதுகளில் இருந்த நாலு இளைஞர்களைக் கூட்டினார். ஆல்ட்டோ சாக்ஸபோனில் இம்மானுவேல் வில்கின்ஸ். வைப்ரஃபோனில் ஜோயல் ராஸ். பியானோவில் மைக்கா தாமஸ். டிரம்ஸில் க்வெக்கு சம்ப்ரி. வில்கின்ஸ் பிறந்தது 1997-ல். அவருடைய முதல் தட்டு ஹரீஷின் தட்டுக்கு அடுத்த வருஷம்தான், 2020-ல், ப்ளூ நோட்டில் வந்தது. அதிலும் பியானோ மைக்கா தாமஸ், டிரம்ஸ் சம்ப்ரி. இன்றைக்கு இந்தப் பெயர்கள் ஜாஸ் கேட்பவர்களுக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு அவர்களுக்கு அடியில் தரை போட்டு நின்றவர் இவர்.

வைப்ரஃபோன் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, முனையில் நூல் சுற்றிய குச்சிகளால் தட்டுவது. பட்டைகளுக்குக் கீழே குழாய்கள், குழாய்களின் வாயில் சுழலும் சிறு தகடுகள். அதனால் நாதம் தண்ணீரில் அலையடிப்பது போல நடுங்கும். நம் ஜலதரங்கத்தைக் கேட்ட காது அதை உடனே சேர்த்துக்கொள்ளும். பியானோவும் வைப்ரஃபோனும் ஒரே குழுவில் இருப்பது எளிதில்லை. இரண்டும் கார்டு வாசிக்கக் கூடியவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிப்போகும். அதைத் தீர்க்கக் கூடிய ஒரே ஆள் கீழே இருக்கிறவர். அவர் எந்தச் சுரத்தில் நிற்கிறாரோ அதை வைத்துத்தான் மேலே இருக்கும் இருவரும் தங்கள் இடத்தைப் பிரித்துக்கொள்ள முடியும். இப்படி ஒரு குழுவைத் தெரிந்தே அமைத்தவர், தன் கருவி எங்கே தேவைப்படும் என்று யோசித்து அமைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

தனக்கு நெருக்கமான தட்டு என்றால் நாம் எதிர்பார்ப்பது என்ன? தலைவர் முன்னால் வந்து நிற்பார், நீண்ட தனி ஆவர்த்தனம் வாசிப்பார், தன் கதையைத் தன் வாயால் சொல்வார். மிருதங்க வித்வான் தலைமை தாங்கும் தாளவாத்தியக் கச்சேரியில் தலைவருக்குத் தனி நேரம் உண்டு, அதில் தவறு எதுவும் இல்லை. ஹரீஷ் தன் கதையைத் தலைப்புகளில் வைத்தார், மெட்டுகளில் வைத்தார். 'லாஸ் ஏஞ்சலிஸ்' என்று ஒரு உருப்படி. 'சங்கீத்' என்று ஒன்று. அப்புறம் நான் முதலில் சொன்ன அந்த விடைபெறும் வாக்கியம். மெட்டைத் தான் எழுதி, பாடும் பொறுப்பை இளையவர்களிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய் நின்றுகொள்கிறார். அவருடைய நினைவை வில்கின்ஸின் மூச்சு பாடுகிறது. பிறந்ததிலிருந்து வேறு வீடு, வேறு ஊர், வேறு பாட்டிமார் உள்ள ஒரு பையன், நம் வாசற்படி வாக்கியத்தை சாக்ஸபோனில் ஊதுகிறான். அது பொய்யாகிவிடாமல் இருக்க வேண்டுமானால் கீழே ஒருவர் அந்த வாக்கியத்தின் பொருளைச் சுரம் சுரமாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே உள்ள சுரத்துக்குப் பொருள் தருவது கீழே உள்ள சுரம் என்று சற்று முன் சொன்னேனே, இந்தத் தட்டு முழுக்க அந்த வேலைதான் நடக்கிறது.

சிறு வயதில் கற்ற மிருதங்கம் இதில் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கோர்வை எங்கே, தீர்மானம் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். கர்நாடக இசையும் ஜாஸும் சேர்ந்த நேரடி முயற்சி கேட்க வேண்டுமானால் 2008-ல் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் நம் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து செய்த 'கின்ஸ்மென்' தட்டு இருக்கிறது. இரண்டு சாக்ஸபோன்கள், இரண்டு மரபுகள், அருமையான தட்டு. ஹரீஷிடம் நான் கேட்பது வேறு. பக்கவாத்தியக்காரரின் மனம். பாடுகிறவர் எங்கே போகப்போகிறார் என்பதை அவர் போவதற்கு முன்பே காதால் பிடித்து, அங்கே போய்க் காத்திருப்பது. மிருதங்கக்காரர் கீர்த்தனைக்கு வாசிக்கும்போது செய்வது இதைத்தான். இது கணக்கில் வராது, குறிப்பெழுதிக் காட்டவும் முடியாது.

2022-ல் அவருடைய இரண்டாவது தட்டு, 'இன் டென்ஸ்' வந்தது. ஜோயல் ராஸ் தவிர ஆட்கள் மாறினார்கள், கிட்டார் சேர்ந்தது. அதைப் பற்றி இன்னொரு மாலை பேசலாம்.

பல்லாவரத்துப் பெரியவர் இந்தத் தட்டு வெளியாவதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டார். கடைசியாக அவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, பழக்கத்தில் நான் "போயிட்டு வர்றேன் அங்கிள்" என்றேன். அவர் அதே மாதிரி தமிழில், "போயிட்டு வா மேன்" என்றார். அப்புறம் நான் அந்தத் தெருவுக்குப் போக வாய்க்கவில்லை.

சரி, கேட்கலாம். பெட்டிகள் இரண்டையும் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்திருக்கிறேன். சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கிக் கேட்கும், சுரம் தெரியாது. மின்விசிறியை இந்தப் பக்கம் மட்டும் நிறுத்தச் சொல்கிறேன், புழுக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த விடைபெறும் பாட்டைத்தான் மூன்று தடவை போடப்போகிறோம். முதல் தடவை எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டாம் தடவை சாக்ஸபோனோடு மட்டும் போங்கள், வாய்க்குள் கூடவே முனகினாலும் தப்பில்லை. மூன்றாம் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு, அதற்குக் கீழே நடக்கிற காலடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் கை நழுவினால் பரவாயில்லை, அடுத்த அடியில் பிடித்துக்கொள்ளலாம்.

போடுங்க தம்பி.